முடிச்சில் போட்ட கணக்கு

1561-இல் லிமா நகரத்து ஸ்பானிய நீதிமன்றத்துக்கு வான்கா இனத்தின் தலைவர்கள் ஒரு கணக்கோடு போனார்கள். ஏட்டுக் கணக்கு இல்லை, கயிற்றுக் கணக்கு. அதற்கு ‘கீப்பு’ என்று பெயர். எண்களை நூலில் முடிச்சாகப் போட்டு வைப்பது ஆண்டிஸ் மலைநாட்டு வழக்கம். பிஸாரோவின் படைக்கு 1533-லிருந்து தாங்கள் கொடுத்த மக்காச்சோளம், லாமாக்கள், துணி, சுமை தூக்க அனுப்பிய ஆட்கள் என எல்லாமே அந்த முடிச்சுகளில் இருந்தன. ஸ்பானியர்கள் கொள்ளையடித்துப் போனதுகூட இருந்தது. உதவினோம், பதிலுக்கு என்ன செய்வீர்கள் என்பதுதான் வழக்கின் சாரம்.

படித்ததும் ஒரு வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துடும்: துரோகிகள். ஏறத்தாழ 168 பேரோடு வந்த பிஸாரோ ஒரு பேரரசைச் சாய்த்தது இப்படிப்பட்டவர்களால்தானே?

சரி, யாருக்குத் துரோகம்?

இன்காக்கள் வருவதற்கு முன்னால் வான்காக்கள் மாண்டாரோ பள்ளத்தாக்கின் மலை உச்சிகளில், மதில் சூழ்ந்த ஊர்களில் இருந்தார்கள். பக்கத்து ஊரே பகை. பதினைந்தாம் நூற்றாண்டில் இன்காப் படை வந்து அவர்களைக் கீழே இறக்கியது. ஊர்ச்சண்டை அடங்கியது, சாலை வந்தது, ஹாத்துன் சௌசா என்ற நிர்வாக நகரம் எழுந்தது. சரிவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட களஞ்சியங்கள்.

அமைதி வந்தது நிஜம்தான். ஆனா களஞ்சியத்தை நிரப்பினது யார்? அதே வான்காக்கள். வரியை உழைப்பாகக் கொடுக்கணும். பதிலுக்கு அரசு விருந்து வைத்து, சோளத்தில் காய்ச்சிய சிச்சா கொடுக்கும். நம்ம உழைப்பில் விளைந்த சோளத்தைக் கள்ளாக்கி நமக்கே ஊத்திட்டு, நன்றியோட இருக்கச் சொல்ற மாதிரி.

துரோகம் செய்ய முதலில் ஒரு வாக்கு கொடுத்திருக்கணும். படையைக் காட்டி வாங்கிய பணிவு வாக்கு ஆகாது. தவிர, 1533-இல் ‘இன்கா’ என்று ஒரே தரப்பும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் அரியணைப் போர் நடந்து முடிந்திருந்தது. வான்காக்கள் நின்றது தோற்ற வாஸ்கார் பக்கம். சௌசாவில் உட்கார்ந்திருந்ததோ ஜெயித்த அடாவால்பாவின் படை. அதை விரட்ட யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும். வந்தவர்கள் திரும்பிப் போகமாட்டார்கள் என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

இதோட முடிச்சுட்டா எனக்கும் நிம்மதி. ஆனால் அந்தக் கயிறு விடமாட்டேங்குது. லாமாக்கள், சோளம், துணி என்று எண்ணிக்கொண்டே போகும் அதே கணக்கில் மனிதர்களும் வருகிறார்கள். சுமை தூக்கப் போன ஆண்கள், வேலைக்குக் கொடுக்கப்பட்ட பெண்கள். பலர் திரும்பவே இல்லை. வழக்குப் போட்டவர்கள் தலைவர்கள். பிறகு ஸ்பெயின் அரசரிடம் குலச்சின்னம் வாங்கியதும் ஒரு தலைவரின் குடும்பம். போனவர்களுக்கு மிஞ்சியது ஒரு முடிச்சு, அதுவும் எண்ணிக்கையாக மட்டும்.

பேரரசுக்கு வான்காக்கள் துரோகம் செய்யவில்லை. அதை என்னால் தயங்காமல் சொல்ல முடியும். ஆனால் தன்னை நம்பிய சனங்களைச் சோளத்தோடு சேர்த்து எண்ணிக் கொடுத்த தலைவனுக்கு என்ன பெயர் வைப்பது? இன்கா கேட்டபோதும் ஆள் அனுப்பியது அந்தத் தலைமைதான். பிஸாரோ கேட்டபோதும் அதேதான். கேட்டவர்கள் மாறினார்கள், மூட்டையைத் தூக்கிய முதுகு மாறவில்லை.