சாரதியின் கண்

பிறர் உயிரைத் தன் பொறுப்பில் ஏற்றவன் தன் கண்ணைத் தான் விரும்பியவிடத்துச் செலுத்த உரிமையுடையனோ என்பது ஒரு வினா. தீங்கு யாதும் நேராதவழிக் குற்றம் உண்டோ என்பது மற்றொரு வினா. நீதிநூல் கற்பிக்கும் உபாத்தியாயர்களுக்கு இவ்விரண்டும் புதியன அல்ல. ஆயினும் இவற்றை மாணவரிடத்து வினாவுதல் எளிது. தம்மிடத்துத் தாமே வினாவுதல் அரிது. சென்ற வருடம் யாம் செய்த ஒரு பிரயாணத்தின் பின்னரே இவ்வருமை எமக்கு நன்கு விளங்கிற்று.

தமிழ்மொழித் தினப் போட்டியின் பொருட்டு மாணவர் ஒன்பதின்மரையும், எம்மோடு ஆசிரியர் மூவரையும் ஏற்றிய வான் ஒன்று, இரவு 8 மணிக்கு யாழ்ப்பாணத்தினின்றும் கொழும்பு நோக்கிப் புறப்பட்டது. சாரதி இளைஞர், மரியாதை தெரிந்தவர், பெரியோரைக் கண்டால் எழுந்து நிற்பவர். வண்டி ஆனையிறவைக் கடந்ததும் அவர் தமக்கு முன்னேயிருந்த திரையை விரலால் இருமுறை தொட்டார். ஊரார் ‘செற்’ என்று வழங்கும் அத்திரை ஒரு கொப்பியின் அகலம் உடையது. அதிற் சினிமாப் படம் ஒன்று ஓடத் தொடங்கிற்று. முன்னாசனத்திலிருந்த ஆசிரியர் தாமும் அதனைப் பார்க்கலானார். இரண்டாவது வரிசையில் இருந்த யாம், “தம்பி, வண்டி ஓட்டும்போது இது வேண்டுமோ?” என்று மெல்லக் கேட்டோம். “படம் ஓடாட்டி நித்திரை வந்திடும் சேர்” என்றார் அவர். அவ்விடையைக் கேட்டு யாம் வாளாவிருந்தோம்.

முறிகண்டியிலே வழக்கம்போல வண்டி நின்றது. பிரயாணம் இடையூறின்றி முடிதற்பொருட்டுச் சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் ஏற்றினார், யாமும் வணங்கினோம். அவர் மீண்டும் ஏறியமர்ந்து, படத்தை விட்டவிடத்தினின்று தொடர்ந்தார். மாங்குளத்துக்கு இப்பால், விளக்கில்லாத சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு முதியவர் ஒருவர் வீதியைக் குறுக்கே கடந்தார். சாரதி அவரைக் கண்டது மிகப் பிந்தியே. பிறேக் அலறியது, பின்னாசனத்துப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தனர், சைக்கிளின் பின்சக்கரத்துக்கும் எமது வண்டிக்கும் இடையே ஒரு முழந்தான் இருந்திருக்கும். முதியவர் திரும்பி எம்மை நோக்கினார். பின்னர்த் தம் வழியே சென்றார். “பிள்ளையார் காத்தார்” என்றார் சாரதி. “ஓம், ஓம்” என்றோம் யாவரும். கால் மணி நேரஞ் சென்றபின் படம் மீளவும் ஓடிற்று. அப்பொழுதும் யாம் ஒன்றும் சொல்லவில்லை. கொழும்பில் இறங்கியபோது, பேசிய கூலிக்கு மேலே 500 ரூபா சந்தோஷமும் கொடுத்தோம்.

இனி, அத்திரையைப்பற்றி விசாரிப்போம். திரையைச் செய்தவர் அறிவில்லாதவர் அல்லர். ஓடும் வண்டியிற் சாரதி படம் பார்த்தல் கூடாதென்பதை அறிந்தே, அதனின்றும் ஒரு மெல்லிய கம்பியைக் கைப்பிறேக்கோடு இணைக்கும்படி செய்து வைத்தார். கைப்பிறேக்கை இழுத்து வண்டியை நிறுத்தியிருக்கும்போதே அக்கம்பி வண்டியின் இரும்புடலோடு தொடர்புறும். தொடர்புற்றாலன்றிப் படம் தோன்றாது. பொருத்துபவரோ அக்கம்பியைக் கைப்பிறேக்கிற் கட்டாது இரும்புடலிலேயே நேராகக் கட்டிவிடுகின்றார். அன்று தொடக்கம் அப்பொறி, வண்டி எக்காலமும் நின்றுகொண்டேயிருப்பதாக எண்ணிக்கொள்ளும். மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்போதும் அதற்கு வண்டி நிற்பதாகவே நினைவு. இவ்வேலைக்குச் செல்லும் நேரம் ஒரு தேநீர் குடிக்கும் நேரமே. யப்பானிலிருந்து வரும் வண்டிகளின் திரைகளிலும் இத்தகைய தடை உண்டு. அத்தடையை நீக்குதற்கென்றே அந்நாட்டிலும் தனிக் கருவிகள் விற்கப்படுகின்றன. பொறிக்குப் பொய் கற்பிக்கும் வித்தை எந்நாட்டார்க்கும் பொது.

அமெரிக்காவிலே டெஸ்லா கொம்பனியார் கம்பிக்கும் இடம்வையாது, வண்டி ஓடும்போதே நடுத்திரையில் விளையாட்டுக்களை ஆடும்படி விட்டிருந்தனர். பக்கத்திலிருப்பவரே ஆடுதல் வேண்டும் என்று ஓர் எச்சரிக்கை தோன்றும். “யான் பிரயாணி” என்னும் பொத்தானை அழுத்தினால் விளையாட்டுத் திறக்கும். அழுத்திய விரல் எவருடையது என்று கேட்பாரில்லை. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் அந்நாட்டு வீதிப் பாதுகாப்பு அதிகாரிகள் ஏறக்குறைய 580,000 வண்டிகளைக் குறித்து விசாரணை தொடங்கிய பின்னரே, ஓடும் வண்டியில் அதனைப் பூட்டிவிடக் கொம்பனியார் உடன்பட்டனர்.

பார்வை சற்றே விலகினால் என்ன என்பார்க்குக் கணக்கினால் விடை கூறுவோம். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது விநாடிக்கு 16 மீற்றருக்கு மேல். இரண்டு விநாடி கண் திரையிலிருப்பின் வண்டி 33 மீற்றர் குருடாய்ச் செல்லும். எமது பாடசாலையின் வகுப்பறை ஒன்று ஆறு மீற்றர் நீளமாயின், இஃது ஐந்து வகுப்பறைகளைக் கண்மூடிக் கடத்தலை ஒக்கும். அவ்வகுப்பறைகளிற் பிள்ளைகள் இருக்கின்றனர் என்று வைத்துக்கொள்க.

வேகங்காட்டியைப் பார்த்தலும் பார்வை விலகுதலன்றோ, வழிகாட்டும் படத்தைப் பார்த்தலும் அத்தன்மைத்தன்றோ எனின், அன்று. வேகங்காட்டியை நோக்கிய கண் வேண்டியதைப் பெற்று உடனே மீளும். அங்கே அதற்கு வேறு வேலையில்லை. கதையோ முடியாத பொருள். கண் மீண்டபின்னும் மனம் அங்கேயே நிற்கும். வீரன் தப்பினானோ, கடிதம் கைசேர்ந்ததோ என்று மனம் தவித்துக்கொண்டிருக்க, வீதியை நோக்கும் கண் வெறுங்கண். நோக்கியும் காணாமை என்பது இதுவே. 1930ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டிகளில் றேடியோ பொருத்தத் தொடங்கியபோது அமெரிக்காவிற் சிலர் அதனையும் தடைசெய்தல் வேண்டும் என வாதித்தனர். அவர் அஞ்சிய அளவு தீங்கு அதனால் விளைந்ததென யாம் கருதவில்லை. செவி பாட்டிலிருக்கக் கண் வீதியிலிருத்தல் கூடும். ஒரு கண் இரண்டிடத்திருத்தல் கூடாது.

திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்து, அதனை அரசியலிலே செங்கோன்மைக்கு முன்வைத்தனர். பொச்சாப்பாவது மகிழ்ச்சி மிகுதியால் வரும் மறவி. துன்பத்தால் மறத்தலை அன்று, இன்பத்தால் மறத்தலையே அவர் அங்கே எடுத்துக்கொண்டார் என்பது கருதத்தக்கது. பிறரைக் காக்குங் கடமை பூண்டவனுக்கே இக்குற்றம் பெரிதும் உரியது. வண்டி ஓட்டும் பொழுதளவு சாரதியும் ஓர் அரசனே. அவ்வரசின் குடிகள் வண்டிக்குள்ளிருப்பார் மாத்திரமல்லர், விளக்கில்லாத சைக்கிளோடு செல்பவரும் ஆவர்.

இங்கே மற்றை வினா எழுகின்றது. அம்முதியவர் உயிரோடு வீடு சேர்ந்தார். ஆயின் எமது சாரதி செய்த குற்றம் யாது?

யாம் இளமையிற் கற்றது ஒரு மிஷன் கலாசாலையில். அங்கே ஆங்கிலம் கற்பித்த பெரியார் ஒருவர், கிளிபர்ட் என்னும் ஆங்கிலேயக் கணித வித்துவான் 1877ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையினின்றும் கப்பற்காரன் கதையைச் சொல்லுவார். பழங்கப்பல் ஒன்றின் சொந்தக்காரனுக்கு அது கடலுக்குத் தகுமோ என்னும் ஐயம் தோன்றுகின்றது. செலவுக்கு அஞ்சிய அவன், இதுகாறும் எத்தனையோ புயலைக் கடந்த கப்பலன்றோ, கடவுள் காப்பார் என்று தன் மனத்தைத் தானே தேற்றி, குடும்பங்களை ஏற்றி அனுப்புகின்றான். கப்பல் நடுக்கடலில் ஆழ்கின்றது. அவன் கொலையாளியே என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. அப்பால், கப்பல் ஆழாது கரைசேர்ந்திருப்பின் அவன் குற்றம் குறையுமோ என்று கிளிபர்ட் வினாவி, அணுவளவும் குறையாது என்று தாமே விடையிறுக்கின்றார். செயல் செய்யப்பட்டபோதே அதன் நன்மை தீமை முடிந்துவிட்டது, பின்வருவது தற்செயல். எங்கள் ஆசிரியர் இதனைச் சொல்லி முடித்தபின் சிறிதுநேரம் பேசாது எம்மையே நோக்கிக்கொண்டிருப்பார். அந்நோக்கின் பொருள் அக்காலத்து எமக்கு விளங்கவில்லை.

இதனை மறுப்பாரும் உளர். 1976ஆம் ஆண்டில் வில்லியம்ஸ், நேகல் என்னும் தத்துவ ஆசிரியர் இருவர் இவ்விஷயத்தை விரித்தாராய்ந்தனர். ஒரே அளவு கவனக்குறைவுடைய இருவருள், ஒருவனுக்கெதிரே குழந்தை வந்தது, மற்றவனுக்கெதிரே வரவில்லை. உலகமும் சட்டமும் முதல்வனையே பெரிதும் பழிக்கின்றன. அவனும் தன்னை வாழ்நாள் முழுதும் பழித்துக்கொள்ளுகின்றான். இது வெறும் மயக்கமோ என்பது நேகல் எழுப்பிய வினா. எமக்குத் தோன்றுவது இது: இருவர்க்கும் குற்றம் ஒன்றே, கடன் வேறு. கொன்றவன் இறந்தவன் குடும்பத்துக்குத் தீராக் கடன்பட்டவன். கொல்லாதவன் அக்கடன் படாதவன். கடன் இல்லாமையைக் குற்றம் இல்லாமையெனக் கொள்வதே எமது வண்டியில் யாவரும் செய்த பிழை. “பிள்ளையார் காத்தார்” என்றது மெய்யாகலாம். காத்தவர்க்கு யாம் செய்த கைம்மாறு, கால் மணி நேரத்தில் அதே படத்தை அதே இடத்திலிருந்து தொடர்ந்ததே. நேர்ந்திருப்பின் விதியென்றும், நேராதபோது திருவருளென்றும் சொல்லி இரு வழியாலும் தப்பிக்கொள்வார்க்குச் சைவ சித்தாந்தம் இடந்தரவில்லை. முதியவர்க்கு வருவது அவர் பிராரத்தமாகுக; சாரதியின் விரல் திரையைத் தொட்டது அன்றே செய்யப்பட்ட ஆகாமியம்.

சாரதியின் சினிமாவினும் பெரிய வினாவை எழுப்பிய நிகழ்ச்சி ஒன்று 2018ஆம் ஆண்டு மார்ச் 18ஆந் தேதி இரவு அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்து ரெம்பி நகரிலே நேர்ந்தது. ஊபர் கொம்பனியாரின் தானியங்கிக் கார் ஒன்று பரீட்சார்த்தமாக ஓடிக்கொண்டிருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீதியைக் கடந்த பெண்மணி ஒருவரை அது மோதிக் கொன்றது. பொறி அவரை மோதுதற்கு 5.6 விநாடி முன்னரே உணர்ந்திருந்தும், வண்டியென்றும் சைக்கிளென்றும் மாறி மாறி எண்ணியதன்றி, மனிதர் என்று அறியவேயில்லை. காரின் சொந்த அவசரத்தடையைக் கொம்பனியார் செயற்படாது நிறுத்தியிருந்தனர். முன்னர் இருவர் இருந்து கண்காணித்த வேலைக்கு ஒருவரையே அமர்த்தியிருந்தனர். அவ்வொருவரது கைத்தொலைபேசியிலே பாட்டுப் போட்டி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பிரயாண நேரத்தில் மூன்றிலொரு பங்கு அவர் கண் வீதியில் இருக்கவில்லை என விசாரணையாளர் கண்டனர். கொம்பனிமீது குற்ற வழக்கு இல்லையெனப்பட்டது. கண்காணித்தவர் 2023ஆம் ஆண்டில் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்புக்கு உட்பட்டார்.

ஒன்றுஞ் செய்யவேண்டா, ஆனால் எந்நேரமும் விழித்திரு என்று ஒருவரை இரவில் தனியே இருத்துதல் மனிதவியல்பு அறிந்தார் செய்யுஞ் செயலன்று. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணி நேரம் மேற்பார்வை செய்த ஆசிரியர் யாவரும் இதனை அறிவர். எனினும் அவர் ஏற்ற கடமை வேறன்று, பார்த்தலே. அதனாற்றான் அவரைக் குற்றமற்றவரென எம்மாற் சொல்லமுடியவில்லை. அவர் ஒருவரே குற்றவாளி என்று சொல்லவும் நா எழவில்லை.

ஓட்டுபவர் திரையிற் படம் பார்த்தல் எக்காலும் பாவம் என்று யாம் கூறவில்லை. 2021ஆம் ஆண்டில் யப்பானில் ஹொண்டா கொம்பனியாரும், 2022ஆம் ஆண்டில் ஜெர்மனியில் மெர்சிடிஸ் கொம்பனியாரும், நெரிசலான பெருவீதிகளில் தானே ஓடும் வண்டிகளை வெளியிட்டனர். அவை ஓடும் பொறுப்பைத் தாமே ஏற்றிருக்கும் நேரத்தில் ஆசனத்திலிருப்பவர் திரையை நோக்கலாம். அழைத்தால் உடனே மீளல் வேண்டும். அங்கே பொறுப்புக் கைமாறியுளது. முறிகண்டி வீதியில் எமது பொறுப்பை எவரும் ஏற்கவில்லை. ஏற்றதாகப் பொறியை நம்பவைத்த ஒரு கம்பி மாத்திரம் இருந்தது.

இனி எமது பங்கைச் சொல்லவேண்டும். அச்சாரதி அன்று காலைமுதல் வேறு வாடகை ஓடியவர் என்பதைப் பின்னர் அறிந்தோம். நித்திரைக்கு மருந்து நித்திரையேயன்றிச் சினிமாவன்று. ஆயின் இரவுப் பிரயாணத்தை ஒழுங்குசெய்தவர் யார்? கொழும்பில் ஓரிரவு தங்குஞ் செலவு மிஞ்சும் என்று கணக்கெழுதிக் காட்டியவர் யாமே. மெல்ல ஒருமுறை கேட்டுவிட்டு வாளாவிருந்ததும் யாமே. இளைஞரின் மனம் நோகும், உடன்வந்த ஆசிரியர் நகைப்பர், வயது முதிர்ந்தவன் நச்சரிக்கிறான் என்பர் என்று அஞ்சினோம். வகுப்பறையில் ஒரு பிள்ளை சன்னலுக்கு வெளியே நோக்கினால் வெண்கட்டியால் மேசையிற் தட்டும் கை, அங்கே மடியில் இருந்தது. பின்னாசனத்தில் ஒன்பது பிள்ளைகள் விழித்திருந்தனர். அவருள் இருவர் ‘நன்னெறி’ என்னும் பொருளிற் பேசப் போகின்றவர். அவர்கள் எமது வாயையே பார்த்திருப்பர்.

இவ்வருடப் போட்டிக்கும் அதே வானே பேசப்பட்டுளது; கூலி குறைவு என்பது காரணம். இம்முறை அதிகாலை 4 மணிக்குப் புறப்படுதல் வேண்டும் என்று அதிபரிடம் கேட்டு இசைவு பெற்றோம். சாரதியை முதனாளிரவு வேறு வாடகைக்கு அனுப்பாதிருக்குமாறு வான் முதலாளியிடமும் சொல்லியிருக்கின்றோம். அவர் சிரித்துக்கொண்டே தலையசைத்தார். முன்னாசனம் எமக்கு. திரையை அணைக்கும் பொத்தான் எது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனிடம் கேட்டு அறிந்துகொண்டோம்.