தட்டைக் கண்ணாடி

1956க்கு முந்திய மொரிஸ் மைனர் பிக்கப்பின் முன் கண்ணாடி இரண்டு துண்டு, இரண்டும் தட்டை. ஒன்று உடைந்தால் மட்டையில் அளவு வரைந்துகொண்டு பதுளைக்கு இறங்கினால் போதும். கண்ணாடிக் கடையில் லேமினேட் தகட்டை வெட்டித் தந்துவிடுவார்கள். பிறகு வந்த வளைந்த ஒற்றைக் கண்ணாடி பார்வைக்கு அழகு. ஆனால் உடைந்தால், அதே வளைவுக்காக இன்னொரு கிழட்டு வண்டியைத் தேடி ஊர் ஊராக அலைய வேண்டும்.

பசறை, நமுனுகுலைப் பக்கத் தோட்டங்களில் இந்த வேலை லயத்து வாசலிலேயே, தொழிலாளர் வரிசை வீடுகளின் முன்னாலேயே, நடக்கும். கண்ணாடியைச் சுற்றியிருக்கும் பழைய ரப்பரை அறுத்தெடுத்ததும் தகர விளிம்பு தெரியும். மழை உள்ளே ஒழுகியபோது எல்லோரும் கண்ணாடியைத்தான் திட்டியிருப்பார்கள். ரப்பருக்கடியில் துரு அல்லவா தின்றுகொண்டிருந்தது! அதைச் சுரண்டிப் பெயின்ட் பூசாமல் புதுக் கண்ணாடி ஏற்றுவது வீண் செலவு. பிறகு கண்ணாடியைச் சுற்றிப் புது ரப்பரை மாட்டி, அதன் பள்ளத்தில் நைலோன் கயிற்றை ஓடவிட்டு, சவர்க்கார நீர் தடவுவார்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கயிற்றை மெல்ல இழுப்பார். கயிறு வர வர ரப்பரின் உதடு விளிம்பைத் தாண்டி உட்காரும். பலம் வேண்டியதில்லை; அவசரப்பட்டால் மூலையில் விரிசல்தான்.

இலங்கையில் இறக்குமதி அடைபட்ட எழுபதுகளையும், 2020இல் அந்நியச் செலாவணியைக் காக்க வாகன இறக்குமதியை மறுபடி நிறுத்தியதற்குப் பிந்திய ஆண்டுகளையும் இந்த வண்டிகள் இப்படித்தான் கடந்தன.

துருவைச் சுரண்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது அவருடைய லயக் காம்பரா. அந்தச் சுவரில் ஒரு ஜன்னல் திறக்க, தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். வண்டியின் பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது; காம்பராவுக்குக் காணி உறுதி இல்லை. கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுக்குப் போயின. 1992இல் நிர்வாகம் திரும்பவும் கம்பனிகளிடம் வந்தது. கைமாறிய எந்தத் தடவையும் குடியிருந்தவர் கைக்கு ஒரு காகிதம் வரவில்லை. அண்மையில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு கிடைத்த குடும்பங்கள் உண்டு, கொஞ்சம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, எச்சரித்தும் ஏன் எழும்பவில்லை என்று கேட்டார்கள். எழும்பி எந்தக் காணிக்குப் போவது?

லயத்து ஆட்களுக்கு வீட்டைப் பேணத் தெரியாது, கூரை ஒழுகினாலும் துரை தகரம் தரட்டும் என்று இருப்பார்கள் என நகரத்தில் பேசுவதுண்டு. அந்த ஆள்தான் எழுபது வயது வண்டியின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வண்டிக்கு ஒரு குணம், வீட்டுக்கு ஒரு குணம் என்று மனிதனுக்கு இரண்டு இல்லை. தன்னுடையது என்றால் அடி ரப்பர்வரை நோண்டிப் பார்க்கிறான். யாரோ எழும்பச் சொல்லக்கூடிய இடத்தில் ஒழுகலுக்குக் கீழே வாளியை வைக்கிறான். பேணத் தெரியாதவர்கள் என்று சொல்கிறவர்கள் முதலில் உறுதியைக் கொடுத்துப் பார்க்கட்டும்.