திரும்பி வந்த கால்கள்

1569, நெதர்லாந்தின் ஆஸ்பெரன். விசுவாசத்துக்காகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த டிர்க் வில்லெம்ஸ், கந்தல் துணிகளை முடிந்து கயிறாக்கி, அதைப் பிடித்து இறங்கித் தப்பினார். நீர்மேல் உறைந்திருந்த மெல்லிய பனிக்கட்டி, சிறை உணவில் இளைத்துப்போன அவரைத் தாங்கியது. துரத்தி வந்தவனைத் தாங்கவில்லை; அவன் உறைநீரில் மூழ்கத் தொடங்கினான்.

ஓடியிருந்தால் விடுதலை. டிர்க் திரும்பி வந்து, கைநீட்டி அவனைக் கரையேற்றினார். உயிர் பிழைத்தவன் அவரை விட்டுவிட விரும்பியும் நகரத் தலைவர் இசையவில்லை. மே 16 அன்று டிர்க் உயிரோடு எரிக்கப்பட்டார்.

அந்தப் பனிக்கட்டியின்மேல் யோசிக்க அவருக்கு நேரமில்லை. சத்துருக்களைச் சிநேகிக்கச் சொன்ன ஆண்டவரின் வார்த்தை அதற்கு முன்பே அவருக்குள் ஊறியிருந்தது. அதுதான் அவர் கால்களைத் திருப்பியது.

சோதனை வந்த பிறகு நற்குணத்தைத் தேடி எடுக்க முடியாது. வீட்டிலும் வேலையிடத்திலும் சின்னச் சின்ன மனத்தாங்கல்களை மன்னித்துப் பழகியவருக்கே அந்த வேளையில் கை தானாக நீளும்.

இன்று: நம்மை நோகடித்த ஒருவருக்காக, பெயர் சொல்லி ஜெபிப்போம்.