நமக்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் உண்டா?



கத்தோலிக்கக் கிறித்தவர்கள் அண்டை வீட்டாராய் வாழும் ஊர்களில் நம் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பதுண்டு. “வாப்பா, ஈஸ்டர் வருகிறது என்று என் சிநேகிதன் கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் தன் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தானாம். நாம் ஏன் ஆலிம்சாவிடம் அப்படிச் சொல்வதில்லை?”

“காசு கொடுத்தால் அவர்களுக்குப் பாவம் போய்விடும்” என்று சிரித்துக்கொண்டே பதில் சொல்லி முடித்துவிடுகிறோம். இது சரியல்ல. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. ஆகவே அவர்கள் கொள்கை என்னவென்று முதலில் தெரிந்துகொள்வோம்.

ஆதி பிதாவின் பாவக் கறையோடுதான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது என்பது கத்தோலிக்க போதனை. இதை ஜென்மப் பாவம் என்பார்கள். ஞானஸ்நானத்தால் அது நீங்கும். பிறகு மனிதன் தானே செய்பவை இரு வகை. காரியம் கனமானது, அது பாவமென்று நன்கு தெரியும், தெரிந்தும் மனம் பொருந்திச் செய்தான் என்றால் அது சாவான பாவம். மற்றவை அற்பப் பாவம். சாவான பாவத்தைக் குருவிடம் வாய் திறந்து சொல்லியாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையேனும் பாவங்களை அறிக்கையிட வேண்டும் என்று 1215-ல் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. தமிழில் முதன்முதலாக அச்சான நூல்களிலேயே ஒன்று, பாவசங்கீர்த்தனம் செய்யும் முறையைக் கற்பிக்க 1580-ல் வெளியான நூல்தான் என்றால், இதற்கு அவர்கள் தந்த முக்கியத்துவத்தை உணரலாம்.

பாவியானவன் தன் மனச்சாட்சியைச் சோதிக்க வேண்டும். மனம் வருந்த வேண்டும். மறைக்காமல் சொல்ல வேண்டும். குரு இறைவனின் பெயரால் பாவ விமோசனம் கூறுவார். பரிகாரமாக விதித்த ஜெபத்தையோ நற்செயலையோ நிறைவேற்ற வேண்டும். திருடியவன் பொருளைத் திருப்பித் தந்தாக வேண்டும். கேட்டதை வெளியிட்டுவிட்டால் அந்தக் குருவே சபையை விட்டு விலக்கப்படுவார்.

காசு விஷயம் வேறு. பாவத்துக்குரிய தண்டனையைக் குறைக்கும் சலுகைச் சீட்டுகள் ஒரு காலத்தில் பணத்துக்கு வழங்கப்பட்டன. 1517-ல் மார்ட்டின் லூதர் கிளர்ந்தெழுந்தது அதை எதிர்த்துத்தான். 1567-ல் போப் ஐந்தாம் பயஸ், அந்தச் சலுகைகளைப் பணத்தோடு முடிச்சுப் போடுவதைத் தடை செய்தார்.

அப்படியானால் நாம் எங்கே வேறுபடுகிறோம்? ஆதம் (அலை) அவர்கள் பிழை பொறுக்கத் தேடினார்கள், அல்லாஹ் பொறுத்துக்கொண்டான். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதில்லை. பிறக்கும் குழந்தை மாசற்றது. ஈஸா (அலை) அவர்கள் பாவம் மன்னிக்கும் அதிகாரத்தைச் சீடர்களுக்கு அளித்தார்கள், அது வழிவழியாகக் குருமாருக்கு வருகிறது என்று அவர்கள் சொல்கிறார்கள். நாமோ மன்னிக்கும் அதிகாரம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்கிறோம்.

முன்னொரு காலத்தில் தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்ற ஒருவனின் வரலாற்றை நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அவன் ஒரு துறவியிடம் சென்று, தனக்கு மன்னிப்பு உண்டா என்றான். இல்லை என்றார் துறவி. அவரையும் கொன்று நூறாக்கினான். பின்பு ஓர் அறிஞரிடம் போனான். தௌபாவுக்கும் உனக்கும் நடுவே குறுக்கே நிற்க யாரால் முடியும் என்று கேட்டு, நல்லோர் வாழும் ஊருக்கு அவனை அனுப்பினார் அவர். வழியிலேயே மௌத்தானான், ரஹ்மத்துடைய மலக்குகளே அவனை ஏற்றுக்கொண்டார்கள்.

மேலும், அல்லாஹ் மறைத்த பாவத்தை அடியான் தானே வெளிப்படுத்துவதை நம் மார்க்கம் விரும்பவில்லை. மாஇஸ் (ரலி) அவர்கள் தம் குற்றத்தைச் சொல்ல வந்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் திரும்பத் திரும்ப முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரைச் சொல்லும்படி அனுப்பிவைத்த ஹஸ்ஸால் (ரலி) அவர்களிடம், உம்முடைய ஆடையால் அவரை மறைத்திருந்தால் அது உமக்கு நலமாயிருக்கும் என்ற கருத்தில் கூறினார்கள்.

இவ்வளவு தூரம் கேட்டதும் நம் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் சகோதரர்களே, வாசல் திறந்து கிடப்பதே நமக்குச் சோதனையாகிவிட்டது! அந்தச் சிறுவன் தன் பாவங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். நாம் கடைசியாக எப்போது எண்ணிப் பார்த்தோம்? விரல் தஸ்பீஹில் உருள்கிறது, நாவு ‘அஸ்தஃபிருல்லாஹ்’ என்கிறது, மனமோ கடைக் கணக்கில் இருக்கிறது. பாவமே இல்லாத பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு நாளைக்கு எழுபது தடவைக்கும் மேல் இஸ்திஃபார் செய்தார்கள்!

இன்னொன்றையும் கவனியுங்கள். பாவத்தை விட்டுவிடுதல், வருந்துதல், இனிச் செய்வதில்லை என்று உறுதி கொள்ளுதல் ஆகிய மூன்றும் தௌபாவின் நிபந்தனைகள். அடியார்களின் ஹக்காக இருந்தால் நான்காவதும் உண்டு: உரியவரிடம் உரியதைச் சேர்த்தல். தொழுகையோடும் நோன்போடும் ஜகாத்தோடும் மறுமையில் வந்தும், பிறரை ஏசியதாலும் பிறர் பொருளைத் தின்றதாலும் நன்மைகளையெல்லாம் அவர்களிடம் பறிகொடுத்து நிற்பவனே உண்மையான ஓட்டாண்டி என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள்.

வாப்பா மௌத்தானபின் சகோதரியின் பாகத்தைக் கொடுக்காமல் வீட்டையும் தோப்பையும் வைத்திருப்பவரே! தஹஜ்ஜுதில் நீங்கள் வடிக்கும் கண்ணீர் அந்தப் பாகத்தை அவளிடம் கொண்டு சேர்க்காது. மனைவியின் மஹரைக் கடனாகவே வைத்திருப்பவரே! எடையில் குறைத்தவரே! உங்களுக்கு இங்கே ஒரு பாவசங்கீர்த்தனம் உண்டு. கூண்டுக்குள் அல்ல, சகோதரியின் வாசற்படியில். “தங்கச்சி, உன் பங்கை வைத்துக்கொண்டது தப்பு. இந்தா பத்திரம், என்னைப் பொறுத்துக்கொள்” என்று சொல்ல வேண்டும். இது குருவிடம் சொல்வதைவிடக் கஷ்டமானது.

ஆகவே பிள்ளை மீண்டும் கேட்டால் சிரிக்காதீர்கள். “அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ்விடமே சொல்வோம், மகனே, மனிதருக்குச் செய்ததை அந்த மனிதரிடமே போய்ச் சொல்லித் தீர்ப்போம்” என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அவனுடைய மாமி வீட்டுக்குப் புறப்படுங்கள்.

உயிர் தொண்டைக்குழியை அடையுமுன் உண்மையான தௌபாவைச் செய்ய வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.