கையை எடுத்த பிறகு

வியாழன், இரவு பத்தரை

கப்பல் தானாகத் திரும்புகிறது. மேலே, சற்றே இடப்பக்கமாக. கைப்பிடியை நான் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். திரையில் நட்சத்திரங்கள் வலப்பக்கக் கீழ்மூலைக்கு இறங்கிக்கொண்டே இருக்கின்றன. தூக்கத்தில் யாரோ மெல்லப் புரள்வது போல.

இதுவரை வந்ததே பெரிது. முதல் ஒரு மணி நேரம் அசைவே இல்லை. என் ஜாய்ஸ்டிக்கின் பிளக்கில் பதினைந்து ஊசிகள். ஒரு காலத்தில் கணினியின் முதுகில், சவுண்ட் கார்டோடு சேர்ந்தே அதற்கான துளை இருக்கும். இப்போது வரும் கணினிகளில் அது இல்லை. அதனால் நடுவில் ஓர் அடாப்டர்: ஒரு முனையில் பதினைந்து துளை, மறுமுனையில் யுஎஸ்பி. கணினி அதைப் பார்த்து 'நான்கு அச்சு, நான்கு பொத்தான்' என்று மட்டும் எழுதிக் காட்டியது. ஊர் பேர் தெரியாத விருந்தாளியை உடம்பு அடையாளத்தால் குறிப்பது மாதிரி. ஆனால் விளையாட்டுக்குள் போனால் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா மகனுடைய கேம்பேடின் ரிசீவர், மேசைக்குப் பின்னால் செருகியே கிடந்தது. வரிசையில் அதுதான் முதல். விளையாட்டு அதைப் பார்த்துக்கொண்டு, அதன் உத்தரவுக்குக் காத்திருந்திருக்கிறது. அந்தக் கேம்பேடோ பக்கத்துத் தெருவில் ஒரு பள்ளிக்கூடப் பைக்குள். எந்தக் கருவி என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி தொடக்கத் திரையிலேயே இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

விளையாட்டு ஃப்ரீஸ்பேஸ் 2. 1999-இல் வோலிஷன் நிறுவனம் செய்தது. விமர்சகர்கள் கொண்டாடினார்கள், கடையில் விற்கவில்லை. 2002-இல் மூல நிரலை வெளியே கொடுத்தார்கள். அன்று முதல் ரசிகர்கள் அதைப் பிரித்தும் ஒட்டுப்போட்டும் புதிய கணினிகளில் ஓடவைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருமானமில்லாத கோயிலில் ஒரு வேளை விளக்கு தவறாமல் எரிவதைப் பார்த்திருக்கிறேன். அது மாதிரி.

நட்சத்திரங்கள் இன்னும் இறங்குகின்றன. நாளை பார்க்கலாம்.


வெள்ளி, இரவு

இந்தப் பழைய ஜாய்ஸ்டிக் எங்கே சாய்ந்திருக்கிறது என்று கணினிக்கு எப்படித் தெரியும்? தெரியாது என்பதுதான் பதில். எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்பதுதான் அதற்குத் தெரியும்.

1981-இல் ஐபிஎம் தன் பிசிக்குச் செய்த ஏற்பாடு இது. கைப்பிடியின் அடியில் இரண்டு மின்தடைகள், ரேடியோவின் வால்யூம் திருகு போன்றவை. சாய்க்கச் சாய்க்கத் தடை கூடும், குறையும். பூஜ்யத்திலிருந்து நூறு கிலோ ஓம் வரை. கணினி ஒரு சமிக்ஞை கொடுக்கும். அந்தத் தடை வழியாக மின்சாரம் கசிந்து ஒரு சின்ன மின்தேக்கியை நிரப்பும். நிரம்பியதும் மணி அடிக்கும். கணினி அதுவரை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கும். தடையே இல்லையென்றால் சுமார் 24 மைக்ரோ விநாடி. முழுத் தடை என்றால் ஒரு மில்லி விநாடிக்குச் சற்றே மேல். எண்ணிக்கை குறைவா, கைப்பிடி இடப்பக்கம். அதிகமா, வலப்பக்கம்.

தண்ணீர் வரும் நாளில் குழாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே உட்கார்ந்தபடி குடம் நிரம்பும் சத்தத்தைக் கேட்டாலே போதும். நம் ஆட்கள் நாழிகை வட்டிலில் நீர் நிரம்புவதை வைத்து நேரத்தை அளந்தார்கள். இங்கே நேரத்தை வைத்துக் கையை அளக்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. எண்ணுகிறவன் வேகமாக எண்ணினால் எண்ணிக்கை மாறிவிடும். அந்தக்கால விளையாட்டுகளில் பல இப்படிக் கணினியின் வேகத்தை நம்பியே எண்ணின. பழைய கணினிகளின் முகப்பில் 'டர்போ' என்று ஒரு பொத்தான் இருக்கும். நடுவில் அதை அழுத்தினால் மையம் இடம் பெயர்ந்துவிடும். கை அங்கேயேதான் இருக்கும், கப்பல் சுழல ஆரம்பிக்கும். அதனால்தான் ஒவ்வொரு கணினிக்கும் ஜாய்ஸ்டிக்கின் மையம் எது என்று மறுபடி மறுபடி சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது அந்த எண்ணும் வேலை அடாப்டருக்குள் இருக்கும் சில்லுக்கு. விண்டோஸில் அளவு திருத்தும் சாளரத்தைத் திறந்தேன். முதலில் அது கேட்பது இதைத்தான்: கைப்பிடியை விட்டுவிடு, ஒரு பொத்தானை அழுத்து. பிறகு முழு வட்டமாகச் சுழற்றச் சொல்கிறது. கடைசியில் மறுபடி, விட்டுவிடு. ஆட்டுவதற்கு ஒரு தடவை, விடுவதற்கு இரண்டு தடவை.

விட்டேன். கொஞ்ச நேரம் சரியாக நின்றது. பிறகு மறுபடி இடப்பக்கம். சும்மா இருக்கத் தெரியாத ஜாய்ஸ்டிக்.


சனி, காலை

பகல் வெளிச்சத்தில் பார்த்தால் கைப்பிடியின் அடியில் இரண்டு சின்னச் சக்கரங்கள், பல் வைத்தவை. இத்தனை வருடம் அலங்காரம் என்று நினைத்திருந்தேனா? ஒன்று இட வலத்துக்கு, ஒன்று மேல் கீழுக்கு. திருப்பினால் கைப்பிடி அசையாது, மின்தடையின் உடம்பு அசையும், மையம் நகரும். மேல் கீழ்ச் சக்கரத்தை ஒரு பல் திருப்பினேன். மேலே ஏறுவது நின்றது. எடைபோடுமுன் வெறும் தராசைத் தூக்கி முள்ளைப் பார்ப்பார்களே, அந்த வேலை.

இட வலம் மட்டும் அடங்கவில்லை. அளவு திருத்தும் சாளரத்தில் ஒரு சிலுவைக்குறி. அது நகர்ந்துபோனால்கூடத் திருத்தலாம். துடிக்கிறது. கொசு உட்கார்ந்த கன்றுக்குட்டியின் தோல் மாதிரி, நின்ற இடத்திலேயே.


சனி, பிற்பகல்

ரிச்சி தெருவில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒன்று வாங்கினேன். மாற்றுவதற்கு ஒரு வால்யூமும். நூறு 'கே' என்றதும் கடைக்காரர் முகம் பார்க்காமலே, "லீனியரா, லாகா சார்?" என்றார். அந்தக் கேள்விக்காகவே அவருக்கு ஒரு வணக்கம் வைத்திருக்கலாம். பாட்டுப்பெட்டிக்குப் போடும் 'லாக்' வகையை இதில் போட்டால் பாதி வழி திருப்பியும் பாதித் தடை வராது. கைப்பிடி நடுவில் நிற்கும்போதே எண்ணிக்கை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காதுக்கு ஏற்ற அளவு வேறு, கைக்கு ஏற்ற அளவு வேறு.

நாலு திருகு. உள்ளே ஒன்றுமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு ஸ்பிரிங், இரண்டு வால்யூம், நாலைந்து வயர், இருபது வருடத் தூசி. வேகத்தை மாற்றும் த்ராட்டில் சக்கரத்துக்கு மூன்றாவது வால்யூம் ஒன்று. அதன் வயரைத் தொடர்ந்து பார்த்தால் அது போய்ச் சேருவது இரண்டாம் ஆளின் ஊசிக்கு. அந்தப் பதினைந்து ஊசித் துளை முதலில் இரண்டு பேருக்காகச் செய்தது: ஆளுக்கு இரண்டு அச்சு, இரண்டு பொத்தான். தனியாக விளையாடுகிறவர்கள் பெருகியதும் இரண்டாம் ஆளின் அச்சுகளைத் த்ராட்டிலுக்கும் மிதிகட்டைக்கும் எடுத்துக்கொண்டார்கள். பக்கத்து இலையையும் தன் பக்கம் இழுத்துக்கொண்ட சாப்பாடு.

இட வல வால்யூமின் மூடியை நிமிர்த்திப் பார்த்தேன். உள்ளே குதிரைலாட வடிவில் கருப்புக் கரித்தடம். அதன் மேல் ஒரு உலோக நாக்கு உரசி ஓடும். எங்கே தேய்ந்திருக்கும் என்று நினைத்தேனோ அங்கே தேயவில்லை. இரண்டு ஓரங்களும் புதிது போல மினுமினுப்பு. எத்தனை போர், எத்தனை முரட்டுத் திருப்பம், பல்லைக் கடித்துக்கொண்டு மூலைக்கு அடித்த நாட்கள். அதெல்லாம் அங்கே ஒரு கீறல் வைக்கவில்லை. நடுவில்தான் வெளுத்துப் பள்ளம் விழுந்திருக்கிறது. ஒரு விரற்கடைகூட இல்லாத இடம்.

யோசித்தால் சரிதான். ஓரத்துக்குப் போவது எப்போதாவது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வருவது இங்கே. வந்த பிறகும் கை சும்மா இருப்பதில்லை. குறி பார்க்கிறேன் என்று மயிரிழை அளவில் இங்கேயும் அங்கேயும் அசைந்துகொண்டிருக்கும். நேராகப் போகிறேன் என்று நான் நம்பிய அத்தனை மணி நேரமும் இந்தப் பள்ளத்தைத்தான் தோண்டியிருக்கிறேன்.

மூடியைப் பொருத்தி ஸ்ப்ரே அடித்து ஐம்பது தடவை இந்த முனைக்கும் அந்த முனைக்குமாகத் திருப்பினேன். வால்யூமை மாற்றவில்லை. ஏன் என்று கேட்டால் சாலிடரிங் அயர்ன் பரண்மேல் இருந்தது என்பதுதான் உண்மையான காரணம்.


சனி, இரவு

துடிப்பு முக்கால்வாசி அடங்கிவிட்டது.

இந்தக் கைப்பிடிக்கும் ஒரு கதை உண்டு. 1962-இல் எம்ஐடியில் பிடிபி-1 என்ற கணினியில் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். இரண்டு கப்பல், நடுவில் இழுக்கும் ஒரு நட்சத்திரம். முதலில் கணினியின் முகப்பிலிருந்த சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆடினார்கள், முழங்கை வலித்தது. ஆலன் கோட்டக்கும் பாப் சாண்டர்ஸும், அங்கிருந்த பொம்மை ரயில் மன்றத்தில் கிடந்த உதிரிகளை வைத்துக் கைக்கு அடக்கமான பெட்டிகள் செய்தார்கள். விண்வெளி விளையாட்டுக்குக் கைப்பிடி வந்தது முழங்கை வலியால். எனக்கு இப்போது மணிக்கட்டில் வலி, ஐம்பது தடவை திருப்பியதால்.


ஞாயிறு, மாலை

அக்கா மகன் வந்தான், கேம்பேடைப் பையில் தூக்கிக்கொண்டு. ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தேன். முன்னால் தள்ளினான், கப்பல் மூக்கு கீழே போனது.

"மாமா, இது தலைகீழா வேலை செய்யுது."

விமானத்தில் அப்படித்தான் என்றேன். இழுத்தால் மூக்கு நிமிரும், தள்ளினால் குனியும். "இது விமானம் இல்லையே" என்றான். பதில் சொல்ல முடியவில்லை. காற்றில்லாத இடத்தில் இறக்கைக்கு வேலையில்லை. சாய்ந்து திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. இந்த விளையாட்டில் எஞ்சினை அணைத்தால் கப்பல் குளத்துப் படகு மாதிரி நின்றுவிடும். நிஜத்தில் அது நிற்கவே நிற்காது. இதற்கெல்லாம் மூலம் தேடினால் 1977-இன் 'ஸ்டார் வார்ஸ்' வரை போகும். அந்தப் போர்க்காட்சிகளை அமைக்க ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போரின் விமானச் சண்டைப் படத்துண்டுகளை வெட்டி ஒட்டி மாதிரியாக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து விண்வெளியில் எல்லாரும் விமானம்தான் ஓட்டுகிறோம்.

அவனுக்கு வேறு மாதிரி சொன்னேன். "மாட்டோட மூக்கணாங்கயித்தை இழுத்தா தலை என்னடா ஆகும்?" மாட்டு வண்டியை அவன் பார்த்ததே இல்லை. சிரித்தான். ஆனால் பத்து நிமிடத்தில் கை பழகிவிட்டது. சொன்னதால் அல்ல.


ஞாயிறு, இரவு

ஒரு முகில் மண்டலத்துக்குள் போகிற கட்டம். கொஞ்ச தூரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ராடார் விட்டு விட்டுத் துடிக்கும். பெரிய கப்பல்கள் மார்கழி மூட்டத்தில் லாரி வருவது போலத் திடீரென்று முன்னால் நிற்கும். இங்கே நேராகப் போவது ஒரு வித்தை.

அமைப்புகளில் 'டெட்சோன்' என்று ஒரு நீளக்கோடு இருக்கிறது. மையத்தைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். அதற்குள் கைப்பிடி என்ன துடித்தாலும் கப்பல் கண்டுகொள்ளாது. செத்த பகுதி என்று பெயர் வைத்தவர் பொறியாளராகத்தான் இருக்க வேண்டும். நான் முதலில் கோட்டின் பாதிவரை தள்ளினேன். அசைவே இல்லை, அமைதி. ஆனால் குறிபார்க்க முடியவில்லை. சின்னதாகத் திருப்ப நினைத்தால் ஒன்றும் நடக்காது, இன்னும் கொஞ்சம் சாய்த்தால் தாவிவிடும். கூப்பிட்டால் காதில் வாங்காமல், மூன்றாவது தடவை கத்திக்கொண்டு எழுந்து வருகிற ஆள் மாதிரி. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தேன்.

நிஜக் கப்பல்களிலும் இது உண்டு. நிலாவில் இறங்கிய அப்பல்லோ கலத்தில் இரண்டு கைப்பிடிகள்: வலக்கைக்குக் கலத்தின் சாய்வை மாற்ற, இடக்கைக்கு நகர்த்த. கையை எடுத்துவிட்டால் தானியங்கி பார்த்துக்கொள்ளும். ஆனால் அது கலத்தை ஆணி அடித்தாற்போல நிறுத்தாது. ஒரு சின்னக் கோணத்துக்குள் அசைய விட்டுவிடும். எல்லையைத் தொட்டால் மட்டும் ஒரு சின்னப் பீய்ச்சல், மறுபடி உள்ளே. ஒவ்வொரு மயிரிழைக்கும் திருத்திக்கொண்டிருந்தால் எரிபொருள் தீர்ந்துவிடும்.

டெட்சோனை ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே வைத்தேன். கையை எடுத்துப் பார்த்தேன். குறிவட்டம் இன்னும் லேசாக இடப்பக்கம் போகிறது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். போகட்டும் என்று விட்டுவிட்டு முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் வந்து நின்றவன் கேட்டான்: "நீங்க ஓட்டலையா மாமா?"

"ஓட்டிட்டுதான்டா இருக்கேன்."

ரிச்சி தெருவில் வாங்கிய புது வால்யூம் உறைகூடப் பிரிக்காமல் இழுப்பறையில் கிடக்கிறது. மேல் கீழ் அச்சுக்கு என்றாவது தேவைப்படும்.