ஆச்சியின் சுருட்டும் அக்காவின் சிகரெட்டும்

பார்க்கிங்கில் நாம் வேலை செய்யும் ரெஸ்ரோரண்டின் பின்கதவடியில், குப்பைத் தொட்டிகளுக்கும் மதிலுக்கும் இடையில், இரண்டுபேர் நிற்கக்கூடிய ஓர் இடமுண்டு. 2007 யூலை 1ஆம் திகதி முதல் இங்கிலாந்தில் வேலைத்தலங்களுக்கு உள்ளே புகைப்பதற்குத் தடை. எனவே சிகரெட் பிடிப்பவர்கள் அங்கே போய் ஐந்து நிமிடம் நிற்பார்கள். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. புகைக்காத ஒருவர் அதே இடத்தில் ஐந்து நிமிடம் சும்மா நின்றால், "என்ன, வேலை ஒண்டும் இல்லையோ?" என்று கேள்வி வரும்.

சட்டிபானை கழுவ வந்த அக்கா ஒருவர் இந்த வித்தியாசத்தை எமக்கு முன்னரே விளங்கிக்கொண்டார். வன்னிக் கிராமமொன்றிலிருந்து தனியாக வந்தவர். பகலில் வேறிடத்தில் துப்புரவு வேலை, இரவில் எமது குசினி. மூன்றாம் மாதம் அவர் பின்கதவடியில் சிகரெட்டுடன் நின்றதைக் கண்டோம். கண்டதை அவருடைய தமையனுக்குச் சொன்னோம். 'அவவின்ர நல்லதுக்குத்தானே' என்று எமக்குள் சமாதானமும் சொல்லிக்கொண்டோம். அடுத்த கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. பிறகும் வரவில்லை.

நாம் செய்தது சரியா? புகை உடலுக்குக் கேடு என்பதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் எம்மைத் தமையனிடம் போகவைத்தது அவருடைய நுரையீரல் பற்றிய கவலையா? அதே குசினியில் நாளுக்கு ஒரு பெட்டி ஊதித்தள்ளும் ஆண்களைப் பற்றி நாம் எந்தத் தமையனுக்கும் தொலைபேசி எடுத்ததில்லை.

'எங்கட பண்பாட்டில் பெண்கள் புகைப்பதில்லை' என்பது வசதியான மறதி. வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலை நட்டு, குடிலுக்குள் பொச்சுமட்டைப் புகையில் உணர்த்தி எடுத்த ஊர்களில், பொழுதுபட்டதும் திண்ணையில் குந்தியிருந்து சுருட்டுப் பற்றவைத்த ஆச்சிமாரை நாம் கண்டு வளர்ந்தோம். மலையகத் தோட்டங்களில் கொழுந்தெடுக்கும் பெண்கள் அதே புகையிலையை வெற்றிலையோடு மெல்லுகிறார்கள். ஆந்திரத்தின் கரையோரக் கிராமங்களில் பெண்கள் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்தே புகைத்து, மேலண்ணத்தில் புற்றுநோயை வாங்கிக்கொள்கிறார்கள். இவர்களையெல்லாம் யாரும் 'கெட்டுப்போனவள்' என்று சொல்லவில்லை.

ஆச்சி எப்படித் தப்பினார்? அவர் பிள்ளை பெற்று முடித்தவர். ஊர் காவல் காக்கத் தேவையில்லாத உடம்பு அவருடையது. அக்காவின் உடம்போ இன்னும் தமையனுடையது, ஊருடையது, எம்முடையது. நாம் விசாரித்தது புகையை அல்ல, உரிமையாளர் யார் என்பதையே.

அப்படியானால் பெண் சிகரெட் பிடிப்பது விடுதலை என்று சொல்லிவிடலாமா? அதையும் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. 1929இல் நியூயோர்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைச் சிகரெட்டுடன் நடக்கவிட்டு, அவற்றை 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பத்திரிகைகளில் வரச்செய்தவர் எட்வர்ட் பேர்னெய்ஸ். அவருக்குச் சம்பளம் கொடுத்தது புகையிலைக் கொம்பனி. பெண்ணின் கோபத்தையும் காசாக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

எமக்கு அக்காவை விளங்கவைத்தது வேறொன்று. பிரித்தானியச் சமூகவியலாளர் ஹிலரி கிரகம், வறிய தாய்மாரின் புகைத்தல் பற்றி 1993இல் ஒரு நூல் வெளியிட்டார். பிள்ளைகளையும் வறுமையையும் ஒன்றாகச் சுமக்கும் அந்தப் பெண்களுக்கு, வேலையிலிருந்து ஒரு அடி விலகி நிற்கக் கிடைத்த வழி சிகரெட் என்று அவர் காட்டினார். பலர் தமக்கென்று வாங்கும் ஒரேயொரு பொருளும் அதுதான். திண்ணையிலிருந்த ஆச்சியை அப்போது நினைத்துக்கொண்டோம். சுருட்டுப் புகையும்வரை யாரும் அவரை எழும்பச் சொன்னதில்லை.

ஓய்வு எல்லோருக்கும் உரியது. அதை ஒரு பெண் தன் நுரையீரலைக் கொடுத்து வாங்கவேண்டியிருந்தால் குற்றவாளி யார்? ஐந்து நிமிடத்தைக் கொடுக்காத முதலாளி மட்டுமல்ல, அவர் கையிலிருந்த சட்டியை ஒருநாளும் வாங்கிக்கொள்ளாத நாமும்தான். "அக்கா, கொஞ்சம் இருங்கோ, நாங்கள் கழுவுறம்" என்று சொல்ல எமக்கு மூன்று மாதங்கள் இருந்தன. தமையனுக்குச் சொல்ல ஒரு இரவு போதுமாயிருந்தது.