ஒரே மேய்ச்சலில் இரு குதிரைகள்

வாயில்லாப் பிராணிகள் ஒன்றையொன்று காயப்படுத்திக் கொள்கின்றன, வழக்காடுவதோ மனிதர்கள். உதைபட்ட குதிரை நியாயம் கேட்டு வருவதில்லை. உதைத்த குதிரை மன்னிப்புக் கோருவதுமில்லை. இரண்டும் மறுநாள் ஒரே வரப்போரத்தில் தலை குனிந்து மேயக் கூடும். அவற்றின் சொந்தக்காரர்கள் மட்டும் ஆண்டுக்கணக்கில் பேச்சு வார்த்தையற்றுப் போவார்கள்; அப்படிப் பேசாமலே ஒரே பள்ளிவாசலில், ஒரே வரிசையில், தோளோடு தோள் நின்று தொழவும் செய்வார்கள். இந்த முரண்பாட்டைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

சேத்தியாத்தோப்பை அறிந்தவர்களுக்கு வெள்ளாற்றங்கரையை விவரிக்க வேண்டுவதில்லை. அணைக்கட்டைத் தாண்டிக் கிழக்கே பரங்கிப்பேட்டைக் கடலை நோக்கிச் செல்லும் அந்த ஆற்றின் இரு மருங்கும் நெல்லும் கரும்பும் விளையும் பூமி. அறுவடை முடிந்த வயலில் ஊரார் கால்நடைகள் பொதுவாக மேய்வது பழைய வழக்கம். அத்தகைய வயல் ஒன்றில் இருவர் தத்தம் குதிரைகளை விட்டிருப்பதாக வைத்துக் கொள்வோம். ஒருவர் வசதி படைத்தவர். ஆசைக்கு ஒரு குதிரை வளர்ப்பவர். மற்றவர் மட்டக்குதிரை ஒன்றை வண்டியில் பூட்டிச் சுமை ஏற்றிப் பிழைப்பவர். அவ்வயலில் இருவருக்கும் சமமான உரிமை. ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வந்து பார்த்தால், மட்டக்குதிரை முன்னங்கால் முறிந்து கிடக்கிறது. லாடம் அடித்த குளம்பின் தடம் அதன் காலில் தெளிவாகத் தெரிகிறது. அந்த வயலில் வேறு குதிரையும் இல்லை. குதிரைக்குக் காலெலும்பு முறிந்தால் பெரும்பாலும் அது மீள்வதில்லை. வண்டி நின்றது, நாளை அடுப்பும் நிற்கும். இதற்கு யார் பொறுப்பு?

உதைத்த குதிரைதான் பொறுப்பு என்று கூறுவோர் இன்று இல்லை. ஆயின் ஒரு காலத்தில் இருந்தனர். பிரான்ஸ் நாட்டு ஃபலேஸ் நகரில் 1386ஆம் ஆண்டு, ஒரு குழந்தையைக் கொன்ற குற்றத்திற்காகப் பன்றி ஒன்றை விசாரித்து, தண்டனை விதித்துத் தூக்கிலிட்டார்கள். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் இத்தகைய எண்ணத்திற்கு இடமே தரவில்லை. அறிவும் நாட்டமும் உள்ளவருக்கே கட்டளையுண்டு; கட்டளை உள்ளவருக்கே குற்றமுண்டு. விலங்கு தானாக இழைத்த காயத்திற்கு ஈடில்லை என்னும் கருத்தில் அமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு பெருந்தொகுப்புகளிலும் இடம் பெற்றிருக்கிறது. விலங்கின் மீது பழியில்லை என்பது இதனால் தெளிவு. அப்படியானால் விலங்கின் உடைமையாளர் மீது?

இக்கேள்வி மிகப் பழையது. இன்றைய பாக்தாதின் அருகே கண்டெடுக்கப்பட்ட எஷ்னுன்னா சட்டப் பலகைகள் ஏறத்தாழ 3,800 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. ஒரு காளை மற்றொரு காளையை முட்டிக் கொன்றால், உயிருள்ள காளையின் விலையையும் இறந்த காளையின் மதிப்பையும் இருவரும் பகிர்ந்து கொள்ள வேண்டும் என்று அவை விதித்தன. தவ்ராத்திலும் இதையொத்த விதியுண்டு. அதாவது, நேர்ந்தது விபத்து. இழப்பில் இருவரும் பாதிப் பாதி. ஆனால் அந்தக் காளை முட்டும் இயல்புடையது என்பது முன்பே தெரிந்திருந்தும் உடைமையாளர் அதைக் காவாமல் விட்டிருந்தால், பாதியன்று, முழு ஈடு தர வேண்டும் என்பது தவ்ராத்தின் சட்டம்.

நம் ஃபிக்ஹு நூல்கள் வேறு வழியில் சென்றன. ஹனஃபி மத்ஹபை அடிப்படையாகக் கொண்டு உஸ்மானியப் பேரரசில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பின் 939ஆம் பிரிவு, நாம் எடுத்துக்கொண்ட வழக்கிற்கென்றே எழுதப்பட்டது போல் இருக்கிறது. கட்டுவதற்கு உரிமையுள்ள ஓர் இடத்தில் இருவர் தம் விலங்குகளைக் கட்டியிருக்க, ஒன்று மற்றொன்றை அழித்து விட்டால் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். உரிமையில்லாத இடத்தில் கட்டியிருந்தால், பின்னால் வந்து கட்டியவரின் விலங்கு முன்னதைக் கொல்லுமாயின் அவர் ஈடு தர வேண்டும் என்று அடுத்த பிரிவு கூறுகிறது.

முதலில் கேட்கும்போது இது கல்நெஞ்சச் சட்டமாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அதிலுள்ள நியாயம் விளங்கும். பொது மேய்ச்சலில் விடுபவர் ஒவ்வொருவரும், விலங்கு விலங்காகவே நடந்துகொள்ளும் என்பதை ஒப்புக் கொண்டே விடுகிறார். ஒவ்வோர் உதைக்கும் ஒவ்வொரு கடிக்கும் ஒருவர் மற்றவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றால், எவரும் எவருடனும் மேய்ச்சலைப் பகிர்ந்து கொள்ளமாட்டார். செல்வர் தம் நிலத்திற்கு வேலியிட்டுக் கொள்வார். சொந்த நிலமற்ற ஏழைக்கே புல்லில்லாமற் போகும். எனவே ஈடில்லை என்ற இவ்விதி ஒரு வகையில் ஏழையின் மேய்ச்சலையும் காக்கிறது.

ஆனால் சட்டம் அத்துடன் நின்று விடவில்லை. முட்டும் மாடு, கடிக்கும் நாய் போன்றவற்றை வைத்திருப்பவரிடம், உன் விலங்கைக் கட்டிப் போடு என்று ஊரார் எச்சரித்த பின்னும் அவர் அதைக் கட்டாமல் விட்டு, அதனால் சேதம் நேர்ந்தால் அவரே பொறுப்பு என்று அதே மஜல்லா 929ஆம் பிரிவில் கூறுகிறது. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், பறவைகளைப் பிடித்துத் தின்னும் வழக்கமுள்ள பூனையின் உடைமையாளர் அது இரவில் செய்யும் சேதத்திற்கும் பகலில் செய்யும் சேதத்திற்கும் பொறுப்பாவார் என்பதையே வலுவான கருத்தாக எழுதினார். பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் ஒட்டகம் மதீனாவில் ஒருவரது தோட்டத்தை அழித்தபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அளித்த தீர்ப்பும் கருதத்தக்கது. தோட்டத்தைப் பகலில் காப்பது தோட்டக்காரரின் கடமை. கால்நடையை இரவில் காப்பது அதன் உடைமையாளரின் கடமை. காக்க வேண்டிய வேளையில் காக்கத் தவறியவர் எவரோ அவர் மீதே பொறுப்பு விழுகிறது.

இவற்றையெல்லாம் ஒன்று சேர்த்தால் ஓர் அடிப்படை புலப்படும். உன் விலங்கைப் பற்றி நீ அறிந்திருந்தது என்ன, அதை அறிந்த பின் நீ செய்தது என்ன? பொறுப்பு இந்த இரண்டு கேள்விகளின் மீது நிற்கிறது.

இப்போது நம் வழக்கிற்குத் திரும்புவோம். அந்தச் செல்வர், தம் குதிரை தீவனம் தின்னும்போது பக்கத்தில் வந்த எதையும் உதைக்கும் என்பதை அறிந்தவர் என்று கொள்வோம். முன்பு வேறோரிடத்தில் அது ஒரு கன்றை உதைத்ததும் அவருக்கு நினைவிருக்கிறது. வெளியே சொன்னால் குதிரையின் விலை குறையும் என்றெண்ணி வாயைத் திறக்கவில்லை. ஊரார் எவருக்கும் அது தெரியாது. ஆகவே எவரும் எச்சரிக்கவுமில்லை. ஏட்டின்படி அவர் தப்பித்து விட்டார். காஜியார் சாட்சி கேட்பார், சாட்சியில்லை.

நம் சட்ட மேதைகள் இந்த இடத்தில் மிக நுட்பமான ஒரு பிரிவினை செய்து வைத்திருக்கிறார்கள். நீதிபதியின் முன் செல்லும் தீர்ப்பை ‘கழா’ என்றார்கள். அடியானுக்கும் ஆண்டவனுக்கும் இடையே நிற்கும் கடமையை ‘தியானத்’ என்றார்கள். முன்னதில் விடுதலை பெற்றவர் பின்னதிலும் விடுதலை பெற்றார் என்பதில்லை. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், மேலே தெரியும்படி அதை வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே. குதிரையின் உதைக்கும் குணமும் அந்த ஈரத்தைப் போன்றதுதான். மறைத்தவருக்கு அது தெரியும். பக்கத்தில் தன் குதிரையை விட்டவருக்குத் தெரியாது. அறியாதவர் ஏற்றுக்கொண்ட ஆபத்தை எப்படி ஒப்புக்கொண்ட ஆபத்து என்று கூற முடியும்? இரு தரப்பும் கண் திறந்து ஒப்புக் கொண்டார்கள் என்பதன் மீதல்லவா ஈடில்லை என்ற விதி நின்றது!

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குதிரைகள் தமக்குள் முதன்மை வரிசை அமைத்துக் கொள்ளும் விலங்குகள். புதிய குதிரை ஒன்று வந்தால் அந்த வரிசை நிலைக்கும் வரை கடியும் உதையும் நிகழும். ஆகவே அனுபவமுள்ளவர்கள் புதிய குதிரையைச் சில நாட்கள் வேலிக்கு அப்பால் நிறுத்திப் பழக்குவார்கள். பின்னங்கால் லாடங்களைக் கழற்றிய பிறகே கூட்டத்தில் விடுவார்கள். கொள்ளையும் புல்லையும் ஒரே குவியலாக வைக்காமல் விலக்கி விலக்கி வைப்பார்கள். மட்டக்குதிரைக்காரரும் இவற்றைக் கவனித்தாரா என்று கேட்பது அநீதியன்று. ஆனால் மறைக்கப்பட்ட ஒன்றைக் கவனிக்கத் தவறினார் என்று அவரைக் குறை கூறுவது அநீதி.

பொறுப்பை முன்கூட்டியே பேசி வைத்துக் கொள்வது நம் முன்னோருக்குப் புதிதன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபுக் குதிரைகள் காயல் துறைக்கு வந்து பாண்டியருக்கு விற்கப்பட்டன. கீஷ் தீவின் ஜமாலுத்தீன் அனுப்பிய குதிரைகளுக்குத் தலைக்கு 220 தீனார் என்றும், வழியில் குதிரை காயமுற்றாலும் இறந்தாலும் அதன் விலையை அரசுக் கருவூலமே தரும் என்றும் ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதினார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டியரின் அமைச்சராகவே விளங்கியவர். ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைத்தது நல்லதுதான். ஆனால் அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ ஒரு கசப்பான செய்தியைத் தருகிறார். இங்கே குதிரைகள் பராமரிப்பின்றி மாண்டன. விற்பனை குறையக் கூடாதென்று வணிகர்கள் லாடம் அடிப்போரை இங்கு வர விடவில்லை என்பது அவரது குற்றச்சாட்டு. அது அந்நியர் ஒருவரின் கூற்று. அதில் மிகையும் இருக்கலாம். எனினும் அதிலுள்ள பாடம் மெய். பணத்தைப் பற்றிய பொறுப்பு மட்டும் தீர்ந்து, உயிரைப் பற்றிய பொறுப்பு தீராமலிருந்தால், விலை கொடுப்பது குதிரையே.

இன்றைய சட்டமும் குதிரையின் பக்கம் அதிகம் பார்ப்பதில்லை. 1871ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டம், நிலத்தில் புகுந்து பயிரை அழிக்கும் கால்நடையைப் பவுண்டில் அடைப்பது பற்றிப் பேசியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்து, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சம்ஹிதையில் 291ஆம் பிரிவாகியிருக்கும் விதி, விலங்கைக் காவாமல் விட்டு மனித உயிருக்கு ஆபத்து உண்டாக்குவதைத் தண்டிக்கிறது. மார்க்கமோ பூனையைக் கட்டிப் பட்டினியிட்ட பெண்ணையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டிய மனிதரையும் நம் முன் நிறுத்திக் கணக்குக் கேட்கிறது. வயலில் கிடக்கும் மட்டக்குதிரை வண்டிக்காரரின் உடைமை மட்டுமன்று. அது வேதனைப்படும் ஓர் உயிர். உதைத்த குதிரையும் உயிரே. ஆத்திரத்தில் அதை அடித்து என்ன பயன்?

அப்படியானால் அந்தச் செல்வர் செய்ய வேண்டியது என்ன? திருமறையின் 21ஆம் அத்தியாயம், ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் ஒரு விளைநிலத்தில் புகுந்த வழக்கைக் குறிப்பிடுகிறது. தாவூத் (அலை) அவர்கள் ஆடுகளையே நிலத்துக்காரருக்குக் கொடுத்து விடத் தீர்ப்பளித்ததாகவும், சுலைமான் (அலை) அவர்கள் வேறு வழி காட்டியதாகவும் விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். ஆட்டுக்காரர் நிலத்தைப் பயிரிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டு வரட்டும். அதுவரை ஆடுகளின் பாலையும் கம்பளியையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும். பின்னர் அவரவர் பொருள் அவரவர்க்கு. ஒருவர் இழந்ததை மற்றவரின் அழிவால் ஈடு செய்யாமல், இழந்தது மீளும் வரை இருப்பதைப் பகிர்வது இத்தீர்ப்பின் அழகு. நம் செல்வருக்கும் இதில் வழியிருக்கிறது. மருத்துவச் செலவை ஏற்கலாம். வேறொரு குதிரை வாங்கும் வரை வண்டிக்காரரின் நாள் வருமானத்தைத் தாங்கலாம்.

இப்படிச் சொன்னால், ஈடில்லை என்று ஒரு கதவை மூடிவிட்டு மற்றொரு கதவால் ஈட்டைக் கொண்டு வருகிறீர்களே என்று ஒருவர் கேட்கக் கூடும். நியாயமான கேள்வி. இரண்டைப் பிரித்து அறிய வேண்டும். உண்மையைச் சொல்வது கடமை. அதில் விருப்பத்திற்கு இடமில்லை. குதிரையின் குணத்தை மறைத்திருந்தால், அதை வெளிப்படுத்தி, அதனால் விளைந்ததை ஏற்பது கொடையன்று, கடன். எதையும் அறியாதிருந்தும் அண்டை வீட்டாரின் அடுப்பு அணையாமல் பார்த்துக் கொள்வது இஹ்சான். முன்னதை ஜமாஅத் கேட்கலாம். பின்னதைக் கேட்டு வாங்கக் கூடாது. கேட்டு வாங்கினால் அது இஹ்சானாக இராது.

1956இல் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின், சுரங்கமும் சாலையும் குடியிருப்பும் விரிய விரிய, இந்த வட்டாரத்தில் மேய்ச்சல் நிலம் சுருங்கியே வந்திருக்கிறது. இடம் சுருங்கினால் குதிரை உதைக்கும், மனிதனும் அப்படித்தான். ஒரே தெருவில், ஒரே கிணற்றடியில், பாகம் பிரிக்காத ஒரே வீட்டில் வாழும் நாமும் ஒருவரையொருவர் தெரிந்தும் தெரியாமலும் காயப்படுத்துகிறோம். குதிரைக்குத் தன் லாடத்தைக் கழற்றத் தெரியாது. நமக்குத் தெரியும்.

அந்த வயலுக்கு நாளை மீண்டும் இரு குதிரைகள் வரும். அவற்றை ஓட்டி வரும் இருவரும் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக் கொள்வார்களா என்பது குதிரைகளின் கையில் இல்லை.